கம்பத்தைச் சுற்றி ஒரு வரி

உடம்பில் திரவமாகப் பூசினால் சற்று நேரத்தில் காய்ந்து மெல்லிய சவ்வாக ஒட்டிக்கொள்ளும் லேடெக்ஸ், உடையா, பூச்சா? டெக்சஸ் மாநில வரித்துறை 2016இல் இந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் விடை எழுத வேண்டியிருந்தது. உடை என்றால் கஜானாவுக்கு ஒரு காசும் வராது. பூச்சு என்றால், அதைப் பூசிய பெண்கள் ஆடும் விடுதிக்குள் நுழைந்த ஆள் ஒவ்வொருவருக்கும் ஐந்து டாலர்.

வருவாய்த்துறை அதிகாரிகள் இப்படி ஒரு விவாதத்தில் மாட்டிக்கொண்டது தற்செயல் அல்ல. பாலியல் கேளிக்கை விடுதிகளுக்கென்று தனி வரி போடக் கிளம்பிய அரசுகள் பலவும் ஏதோ ஒரு கட்டத்தில் இதுபோன்ற முட்டுச்சந்தில் போய் நின்றிருக்கின்றன. வரி என்றால் வரையறை வேண்டும். எது நிர்வாணம், எது கலை, எது உடை, எது வெறும் குடிக்கடை என்று அரசு எழுதிவைத்தாக வேண்டும். எழுதிவைத்த மறுநாளே அந்த வரையறைக்கு ஒரு அங்குலம் வெளியே நின்று தொழில் நடத்த யாராவது தயாராகிவிடுவார்கள்.

டெக்சஸ் கதை 2007இல் தொடங்குகிறது. ஹூஸ்டனைச் சேர்ந்த எலன் கோஹன் அந்த ஆண்டுதான் மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர். அதற்கு முன்பு, வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஹூஸ்டன் மையத்தை நீண்டகாலம் நடத்தியவர். அடைக்கலம் கேட்டு வரும் பெண்களுக்குப் படுக்கை போதவில்லை, ஆலோசகர்களுக்குச் சம்பளம் போதவில்லை என்பதை அன்றாடம் பார்த்தவர். மேலவையில் அவருக்குத் துணைநின்றவர் டல்லாஸைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் ஜான் கரோனா. இரு கட்சிகளும் எளிதில் ஒத்துப்போகாத மாநிலத்தில் இந்த மசோதாவுக்கு மட்டும் இரு பக்கமும் கை கிடைத்தது. பெண்கள் மீதான வன்முறையை எதிர்ப்பவர்களுக்கும் பிடித்தது; ஒழுக்கக்கேட்டை எதிர்ப்பவர்களுக்கும் பிடித்தது. ஸ்ட்ரிப் கிளப்புக்காக எழுந்து நின்று பேசி, அந்தப் பேச்சு தன் தொகுதியில் செய்தியாக வருவதை எந்த உறுப்பினர்தான் விரும்புவார்?

அன்று எழுதப்பட்ட சட்டம் சுருக்கமானது. ஆடையில்லா நடனம் நடக்கும், அதே இடத்தில் மது அருந்தவும் அனுமதி உள்ள விடுதி, தன் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் ஒவ்வொரு நுழைவுக்கும் ஐந்து டாலரை மாநிலத்துக்குச் செலுத்த வேண்டும். வாசலில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று தினமும் கணக்கெழுத வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக் கட்டுப்பாட்டாளரிடம் கணக்குக் காட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நுழைவுச்சீட்டில் சேர்ப்பதோ, பீர் விலையில் ஏற்றுவதோ, லாபத்தில் கழிப்பதோ கிளப்பின் விருப்பம். சிகரெட் பிடிக்க வெளியே போய்த் திரும்பி வந்தவர் இன்னொரு ஐந்து டாலரா என்று கேட்கத் தோன்றும். சட்டத்தின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வரும் பணத்தில் முதல் 2.5 கோடி டாலர் பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகும். மிச்சம் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு. டெக்சஸின் பாலியல் வன்முறை எதிர்ப்புச் சங்கம் இதை முழுமூச்சாக ஆதரித்தது. 2008 ஜனவரி 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. நடன மேடையின் நடுவே நிற்கும் உலோகக் கம்பத்தை வைத்துப் பத்திரிகைகள் இதற்குக் 'கம்ப வரி' என்று பெயர் சூட்டின. அரசு கடைசிவரை 'கட்டணம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

கிளப்காரர்கள் அதற்கு முன்பே வழக்குத் தொடுத்துவிட்டார்கள். அவர்களுடைய சங்கமும் அமரில்லோ நகரத்து விடுதி ஒன்றும் சேர்ந்து வைத்த வாதம் எளியது: நடனம் ஒரு வெளிப்பாடு, அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் வெளிப்பாட்டைக் காக்கிறது, ஒரு வகை வெளிப்பாட்டைப் பிடிக்கவில்லை என்பதற்காக அதன்மீது மட்டும் வரி போட முடியாது.

கேட்டதும் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த வாதத்துக்குப் பின்னால் கனமான வரலாறு இருக்கிறது. 1930களில் லூசியானாவை ஆட்டிப்படைத்த ஹ்யூய் லாங், தன்னை விமர்சித்த பெரிய நாளிதழ்களை அடக்க ஒரு வழி கண்டுபிடித்தார். வாரத்துக்கு 20,000 பிரதிகளுக்கு மேல் விற்கும் இதழ்களின் விளம்பர வருமானத்தில் இரண்டு சதவீத வரி. மாநிலத்தின் எண்ணற்ற சிற்றிதழ்கள் தப்பித்தன. லாங்கின் எதிரிகளாக இருந்த பெரிய ஏடுகள் மாட்டின. 1936இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1983இல் மின்னசோட்டா மாநிலம் அச்சுத்தாள், மை ஆகியவற்றின் மீது போட்ட வரியும் அதே கதிக்கு ஆளானது. அந்த வரிக்குப் பின்னால் கெட்ட நோக்கம் இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும், பேசுகிறவர்களில் சிலரை மட்டும் பொறுக்கியெடுத்து வரிபோடும் அதிகாரமே ஆபத்தானது என்றது நீதிமன்றம்.

நடன மேடையும் இந்தக் குடையின் கீழ் வருமா? அரைகுறையாக வரும் என்பதுதான் பதில். இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் கிட்டி கேட் லவுஞ்ச் என்ற விடுதி தொடர்ந்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம், நிர்வாண நடனம் முதல் திருத்தத்தின் வெளி விளிம்பில்தான் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. அதே மூச்சில், நடனக்காரிகள் குறைந்தபட்சம் மார்க்காம்பு மறைப்பும் இடுப்புத் துண்டும் அணிய வேண்டும் என்று மாநிலம் கேட்பதில் தவறில்லை என்றும் சொன்னது. அதற்கு முன்பே, 1986இல், வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டன் நகரத் திரையரங்கு வழக்கில் இன்னொரு கதவு திறந்திருந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்பதற்காக அரசு ஒழுங்குபடுத்தக் கூடாது. ஆனால் அந்த அரங்கைச் சுற்றிக் குற்றம் பெருகுகிறது, அக்கம்பக்கம் சீரழிகிறது என்ற பக்கவிளைவுகளுக்காக ஒழுங்குபடுத்தலாம்.

டெக்சஸ் சட்டத்தில் மது நுழைந்த காரணம் இதுதான். நடனத்தின் மீது வரி போட்டால் சட்டம் விழும். நடனமும் மதுவும் சேரும் இடத்தின் மீது போட்டால், இது நடனத்தைப் பற்றியதே அல்ல, அந்தச் சேர்க்கையால் வரும் தீங்கைப் பற்றியது என்று சொல்லிக்கொள்ளலாம். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அந்தத் தீங்கு இருப்பதைக் காட்ட வேண்டுமே! அந்தச் சட்டமே ஏற்பாடு செய்த ஆய்வை டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாக ஆய்வாளர்கள் 2009இல் முடித்தார்கள். மது, பாலியல் கேளிக்கை விடுதி, பாலியல் வன்முறை ஆகிய மூன்றையும் உறுதியாக இணைத்துக் காட்டிய ஆய்வு எதுவும் இல்லை என்று அதில் எழுதினார்கள்.

2008 மார்ச்சில் டிராவிஸ் மாவட்ட நீதிபதி ஸ்காட் ஜென்கின்ஸ் சட்டத்தை அரசமைப்புக்கு முரணானது என்றார். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் நோக்கத்தை அவர் குறைசொல்லவில்லை. ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கும் மேடை நடனத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கிளப்கள் பக்கமே நின்றது. இரண்டு ஆண்டு கழித்து, 2011 ஆகஸ்டில், டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. நீதிபதி நேதன் ஹெக்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: இந்தக் கட்டணம் நடனத்தைத் தடுக்கவில்லை, கட்ட விருப்பமில்லாத விடுதி மது பரிமாறுவதை நிறுத்திவிட்டு நடனத்தைத் தாராளமாக நடத்திக்கொள்ளலாம். 2012 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

சட்டத்தின் தர்க்கப்படி இது சரிதான். கல்லாவில் உட்காருகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இத்தகைய விடுதிகளின் வருமானத்தைத் தாங்குவதே மதுதான். மதுவுக்கு ஏற்கெனவே மாநிலம் தனியாக வசூலித்துக்கொண்டிருந்தது. அன்றைய டெக்சஸில் கலப்பு மதுபான விற்பனையின் மொத்த வருவாயில் 14 சதவீதம். மதுவை விட்டுவிட்டு நடனத்தை நடத்து என்பது, ஓட்டல்காரரைப் பார்த்துச் சோறு போடாமல் இலையை மட்டும் விரி என்று சொல்வதுபோல.

இனி லேடெக்ஸுக்கு வரலாம். தீர்ப்பு எதிராகப் போனதும் சில கிளப்கள் சட்டத்தின் வரையறையைக் கையில் எடுத்தன. மார்பின் கீழ்ப்பகுதியோ பின்புறமோ வெளியே தெரிந்தால், அல்லது ஊடே தெரியக்கூடிய உடைக்குள் தெரிந்தால் நிர்வாணம் என்பது சட்டம். அப்படியானால் கீழே குட்டைக் கால்சட்டை, மேலே தோல் நிறத்தில் ஒளி ஊடுருவாத லேடெக்ஸ் பூச்சு என்றால்? தோல் தெரியவில்லை, எனவே நிர்வாணம் இல்லை, எனவே ஐந்து டாலரும் இல்லை. வாடிக்கையாளர் கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பதுதான் இந்த யோசனையின் வியாபார மதிப்பு. அன்றைய நிதிக் கட்டுப்பாட்டாளர் க்ளென் ஹெகரின் துறை விதியைத் திருத்தி எழுதியது: வண்ணம், லேடெக்ஸ், மெழுகு போன்று உடம்பில் பூசுபவை உடை ஆகாது. கிளப்கள் மறுபடி நீதிமன்றம் போயின. இந்த முறை கூட்டாட்சி நீதிமன்றம். 2021இல் நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் லேடெக்ஸ் கிளப்கள் பக்கம் தீர்ப்பளித்தது. முதல் சட்டத்துக்காவது தீங்கு என்ற ஒரு சாக்கு இருந்தது. லேடெக்ஸ் பூசிய நடனத்தால் என்ன தீங்கு என்பதற்கு அரசிடம் காட்ட எதுவும் இல்லை.

சட்டம் பிறந்து பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. இந்த நீண்ட சண்டையில் யாரும் அதிகம் பேசாத தரப்பு ஒன்று உண்டு. யாருக்காக இந்த வரி என்று சொல்லப்பட்டதோ, அந்தப் பெண்கள். கிளப்கள் சில பணத்தை எதிர்ப்புடன் கட்டின. சில கட்டவே இல்லை. வழக்கு முடியும்வரை வசூலானதை நம்பிச் செலவு செய்ய முடியாத நிலை. ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, பங்குச்சந்தையிலும் பட்டியலிடப்பட்ட கிளப் நிறுவனம் ஒன்று நிலுவையைத் தீர்க்க 2015இல் மாநிலத்துடன் சமரசம் செய்துகொண்டது: 1 கோடி டாலர், வட்டியில்லாமல், 84 மாதத் தவணை. 2008இல் ஒரு பெண்ணுக்குத் தேவைப்பட்ட ஆலோசகரின் சம்பளம், 2022 வரை தவணை தவணையாக வந்துகொண்டிருந்தது என்று இதைப் படிக்கலாம்.

எலன் கோஹன் பின்னர் ஹூஸ்டன் மாநகர மன்ற உறுப்பினரானார். அங்கேயும் 2012இல் இதே ஐந்து டாலரை நகர அளவில் கொண்டுவந்தார். இந்த முறை காரணம் இன்னும் கூர்மையானது. பாலியல் வன்முறைப் புகார்களில் மருத்துவமனையில் சேகரித்த தடயப் பெட்டிகள் 6,600க்கு மேல், பரிசோதிக்கப்படாமல் ஹூஸ்டன் காவல்துறையின் அறையில் குவிந்து கிடந்தன. சில பெட்டிகளுக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. அந்தக் குவியல் எப்படிக் கரைந்தது என்று பார்த்தால், 2013இல் மாநகர மன்றம் கூட்டாட்சி மானியத்தையும் நகராட்சியின் சொந்தப் பணத்தையும் சேர்த்து ஏறக்குறைய 44 லட்சம் டாலரை ஒதுக்கி வெளி ஆய்வகங்களுக்கு அனுப்பியது. 2015 தொடக்கத்தில் எல்லாப் பெட்டிகளும் பரிசோதிக்கப்பட்டுவிட்டன. 850 மாதிரிகள் தேசிய மரபணுத் தரவுத்தளத்தில் இருந்த ஆட்களோடு பொருந்தின.

இந்தக் கட்டுரையின் வாதம் இங்கேதான் இருக்கிறது. பாலியல் குற்றத்தின் தடயத்தைப் பரிசோதிப்பது காவல்துறையின் அடிப்படை வேலை. கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனைக்குக் கசாப்புக்கடைக்காரர்களிடம் யாரும் வரி கேட்பதில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான உதவியை மட்டும் ஒரு அவப்பெயர் வாங்கிய தொழிலின் வருமானத்தோடு முடிச்சுப் போடும்போது, அந்த உதவி பொதுக் கருவூலத்தின் பொறுப்பு என்பது மெல்ல மறக்கப்படுகிறது. அதோடு ஒரு சங்கடமான கணக்கும் பிறக்கிறது. விடுதிகள் செழித்தால்தான் நிதி செழிக்கும். தீங்கு என்று சொல்லி வரி போட்ட இடம் மூடினால், உதவி மையத்தின் கதவும் சேர்ந்து மூடும்.

வரியைக் கடைசியில் யார் சுமக்கிறார்கள் என்பதும் மேலோட்டமாகத் தெரிவதில்லை. பெரும்பாலான அமெரிக்க விடுதிகளில் நடனக்காரிக்குச் சம்பளம் கிடையாது. அவர் 'சுயேச்சை ஒப்பந்ததாரர்'. வேலைக்கு வரும் ஒவ்வொரு இரவும் விடுதிக்கு அவர்தான் மேடை வாடகை கட்டுகிறார். பிறகு டிஸ்க் ஜாக்கிக்கும், வாசற்காவலருக்கும், சில இடங்களில் ஒப்பனை அறைப் பெண்ணுக்கும் தன் டிப்ஸில் பங்கு கொடுக்கிறார். நியூயார்க்கில் 2013இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இப்படிப்பட்ட நடனக்காரிகள் உண்மையில் ஊழியர்களே, குறைந்தபட்ச ஊதியத்துக்கு உரியவர்கள் என்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. நுழைவுக்கு ஐந்து டாலர் கூடினால் வாடிக்கையாளரின் பையில் டிப்ஸுக்கு ஐந்து டாலர் குறையும். பெண்களைக் காக்கப் போட்ட வரியின் ஒரு பகுதியை இன்னொரு பெண் தன் காலுறையில் செருகிய நோட்டிலிருந்து கட்டுகிறார்.

மற்ற மாநிலங்களும் இதே வழியை முயன்று பார்த்தன. யூட்டா டெக்சஸுக்கு முன்பே, 2004இல், நிர்வாணச் சேவை தரும் தொழில்களின் மொத்த வரவில் 10 சதவீதத்தை எடுத்துப் பாலியல் குற்றவாளிகளின் சிகிச்சைக்குக் கொடுத்தது. அதன் உச்ச நீதிமன்றம் 2009இல் வரியை ஏற்றுக்கொண்டாலும், எஸ்கார்ட் சேவைகள் தொடர்பான வரையறை தெளிவில்லை என்று அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெறிந்தது. இல்லினாய்ஸ் 2012இல் கிளப்களுக்கே தேர்வைக் கொடுத்தது: தலைக்கு மூன்று டாலர் கட்டு, அல்லது வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000, 15,000, 25,000 டாலர் என்று மொத்தமாகக் கட்டு. வாசலில் ஆள் எண்ணும் தொல்லை இல்லை. ஜார்ஜியாவில் 2016இல் இதை மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டார்கள். பாலியல் சுரண்டலுக்கு ஆளான சிறுவர்களுக்கான நிதிக்கு, மொத்த வருவாயில் ஒரு சதவீதம் அல்லது 5,000 டாலர், எது அதிகமோ அது. பெருவாரியான வாக்குகளில் நிறைவேறியது.

நியூயார்க் மாநிலத்தில் பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அங்கே புதிய வரி எதுவும் கிடையாது. பழைய விற்பனை வரிச் சட்டத்தில் கேளிக்கைக்கான நுழைவுக்கட்டணத்துக்கு வரி உண்டு. நாடகத்துக்கும் இசைக்கும் விலக்கு உண்டு. நடன அமைப்பு அந்த விலக்குக்குள் வரும். ஆல்பனிக்கு அருகே லேதமில் இருந்த நைட் மூவ்ஸ் என்ற விடுதிக்குத் தணிக்கைக்காரர்கள் ஏறக்குறைய 1,25,000 டாலர் நிலுவை என்று கடிதம் அனுப்பினார்கள். எங்கள் மேடையில் நடப்பது நடனம், நடனம் கலை, கலைக்கு வரி கிடையாது என்றது விடுதி. அத்துடன் நிற்காமல், ஜூடித் ஹானா என்ற மானுடவியலாளரையே சாட்சியாகக் கொண்டுவந்தது. நடனத்தைப் பண்பாட்டு ஆய்வின் பொருளாக வைத்து வாழ்நாள் முழுக்க எழுதியவர் அவர். கம்பத்தின் மீது தலைகீழாகத் தொங்குவதற்கு வேண்டிய தசை வலிமையையும் அசைவுகளின் அமைப்பையும் பாலே நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும் அதே தொனியில் அவர் விளக்கினார். ஆனால் தனியறையில் நடக்கும் நடனங்களை அவர் நேரில் பார்த்திருக்கவில்லை. அது வழக்கைப் பலவீனப்படுத்தியது.

2012 அக்டோபரில் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் 4-3 என்று பிரிந்தது. நான்கு பேர் சொன்னது: இவை நடன அமைப்புக்கு உட்பட்ட கலை நிகழ்ச்சிகள் என்று விடுதி நிரூபிக்கவில்லை, பனிச்சறுக்கு நடனக் காட்சிகளுக்கே விலக்கு இல்லாதபோது இதற்கு ஏன்? மாறுபட்ட மூவர் சார்பில் எழுதிய நீதிபதி ராபர்ட் ஸ்மித், தனக்கு இந்த மாதிரி நடனத்தில் ஆர்வம் இல்லை என்பதை மறைக்கவில்லை. மேல்தட்டு ரசனைக்கு ஒரு வரி, கீழ்த்தட்டு ரசனைக்கு ஒரு வரி என்று பிரிப்பது அரசின் வேலையா என்பதுதான் அவருடைய கேள்வி. இந்தக் கட்டுரைக்கு அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பே சரியென்று படுகிறது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் நார்வேயில் இதே கேள்விக்கு நேர் எதிரான விடை கிடைத்திருந்தது. ஆஸ்லோவின் டயமண்ட் கோ கோ பார் வழக்கில் 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆடையவிழ்ப்பு என்பது நடனமும் நடிப்பும் கலந்த ஒரு கலை, ஆகவே நுழைவுக்கட்டணத்துக்கு 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி கிடையாது என்றது.

வரித்துறை கலை விமர்சகர் நாற்காலியில் உட்காரும் காட்சி தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் அறிவித்தது ஒரு ஆட்சி. அடுத்து வந்த ஆட்சி 2011இல், யு சான்றிதழும் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டுக்கு வளம் சேர்ப்பதாகவும் இருக்க வேண்டும் என்றது. வரிச்சலுகை தரும் கை, கதையையும் புரட்டிப் பார்க்கும்.

பழைய அரசுகள் இவ்வளவு குழம்பியதாகத் தெரியவில்லை. அழகை விற்றுப் பிழைக்கும் பெண்கள் ஒரு நாள் கட்டணத்தின் இருமடங்கை மாதந்தோறும் அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் எழுதிவைத்தது. அதற்கென்று ஒரு கண்காணிப்பாளரும் உண்டு. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், நகரக் காவல் அலுவலகத்தில் 12,000 காவலர்கள் இருப்பதாகவும், அவர்களுடைய ஊதியமான நாளொன்றுக்கு 12,000 பணம் விலைமகளிர் விடுதிகளின் வருவாயிலிருந்தே வருவதாகவும் குறித்துவைத்தார். எந்த வருமானம் எந்தச் செலவுக்கு என்று முடிச்சுப்போடும் வித்தை டெக்சஸ் கண்டுபிடித்ததல்ல. வித்தியாசம், விஜயநகரம் அதற்கு ஒழுக்கக் காரணம் எதையும் தேடவில்லை.

இன்றைய ஜெர்மனியும் கிட்டத்தட்ட அப்படித்தான். பான் நகராட்சி 2011இல் தெருவோரப் பாலியல் தொழிலாளர்களுக்காக, வண்டி நிறுத்துமிடத்துச் சீட்டுக் கருவி போன்ற ஒன்றை நட்டுவைத்தது. அப்போது இரவுக்கு 6 யூரோ போட்டால் சீட்டு வரும். விடுதிக்குள் வேலை செய்பவர்கள் ஏற்கெனவே வரி கட்டுகிறார்கள், தெருவில் நிற்பவர்களுக்கு மட்டும் விலக்கு ஏன் என்பதே நகராட்சியின் நியாயம்.

கேளிக்கை வரியை வெகுவாக உயர்த்திய நாடு இந்தோனேசியா. 2022ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான கேளிக்கைகளின் உள்ளூர் வரியை 10 சதவீதத்துக்குள் இறக்கிவிட்டு, டிஸ்கோ, கரோக்கே, இரவு விடுதி, மதுக்கூடம், ஸ்பா ஆகிய ஐந்துக்கும் மட்டும் குறைந்தது 40, அதிகபட்சம் 75 சதவீதம் என்றது. முன்பும் 75 என்ற உச்சவரம்பு இருந்ததுதான்; 40 என்ற தரைதான் புதிது. 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, கரோக்கே கூடங்களை நடத்தும் பாடகி இனுல் தராதிஸ்தாவும், பாலியில் கேளிக்கை விடுதி வைத்திருக்கும் வழக்கறிஞர் ஹோட்மன் பாரிஸும் வெளிப்படையாகக் கொதித்தார்கள். குடும்பத்தோடு பாட்டுப் பாடப் போகும் கரோக்கேயும் விடிய விடிய நடக்கும் டிஸ்கோவும் ஒரே பட்டியலில் இருப்பது எப்படி என்று கேட்டார்கள். வரையறைச் சண்டை இங்கும் வந்துசேர்ந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் ஸ்பாவைப் பாரம்பரிய நலச் சேவை என்று சொல்லி அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துவிட்டது. மற்ற நான்கும் அப்படியே இருக்கின்றன.

வரி கடுமையானால் ஏய்ப்பும் தொழில்நுட்பமாகும். 2025 செப்டம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஒரு கிளப் குழுமத்தின் மீதும் அதன் அதிகாரிகள் மீதும் சாட்டிய குற்றச்சாட்டு இது: விடுதிக்குள் மட்டும் செல்லும் 'நடன டாலர்' என்ற உள்நாணயத்தின் விற்பனைக்கு வரி கட்டாமல் தப்பிக்க, மாநிலத் தணிக்கையாளர் ஒருவருக்கு ஃபுளோரிடா பயணங்களும் அங்கே இலவச நடனங்களும் லஞ்சமாகக் கொடுக்கப்பட்டன. தப்பிய வரி 80 லட்சம் டாலருக்கு மேல் என்பது அரசுத் தரப்பு வாதம். நிறுவனம் மறுத்தது.

வரி வேண்டாம் என்று ஓடாத தரப்பும் ஒன்று உண்டு. நெவாடாவின் கிராமப்புற மாவட்டங்கள் சிலவற்றில் உரிமம் பெற்ற பாலியல் தொழில் விடுதிகள் சட்டபூர்வமானவை. 2009இன் பொருளாதார வீழ்ச்சியில் மாநிலக் கஜானா காலியானபோது, லாஸ் வேகஸைச் சேர்ந்த செனட்டர் பாப் காஃபின் வாடிக்கையாளருக்கு ஐந்து டாலர் வரி போடலாம் என்றார். ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் தேறும் என்று மதிப்பீடு. விடுதி உரிமையாளர் சங்கத்தின் சார்பில் பேசிய ஜார்ஜ் ஃப்ளின்ட் அதை எதிர்க்கவில்லை; எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றே கேட்டார். மாநிலத்துக்கு வரி கட்டுகிற தொழிலை ஒரே இரவில் தடைசெய்வது கடினம் என்பது அவருக்குத் தெரியும். எதிர்த்தவர்களுக்கும் அதே கணக்கு தெரியும். ஆளுநர் ஜிம் கிப்பன்ஸும் அந்த வரிக்கு ஆதரவாக இல்லை. மேலவையின் வரிக்குழுவில் யோசனை 4-3 என்று தோற்றது. விடுதிகள் தத்தம் மாவட்ட நிர்வாகங்களுக்கு உரிமக் கட்டணம் கட்டித் தொழிலைத் தொடர்கின்றன.